ஒரே தேதி, இரண்டு ஊர்: தேக்கா பத்திரிகைக் கடைக்காரரின் மாலை நாளிதழ்க் கட்டுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் பல ஆண்டுகள் பத்திரிகைக் கடை நடத்திய பெரியவர் ஒருவர் 2022இல் காலமானார். அவர் இருந்த வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை விற்று, சாவியை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டோர் ரூமிலும் ஒரு சின்ன அறையிலும் ராஃபியாக் கயிற்றால் கட்டிய பழைய பத்திரிகைக் கட்டுகள் 60க்கும் மேல் கிடந்தன. மகள், பழைய பேப்பர், சாமான் வாங்கும் காராங்குனிக்காரரைக் கூப்பிடுவதாக இருந்தார். அதற்கு முன், அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு தமிழ் வாசகர் வட்டத்தைச் சேர்ந்தவர். கட்டுகளை வட்டம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

பட்டியல் போடும் வேலை பாதியில் இருந்தபோது, நடந்ததை எல்லாம் எழுதி வைக்கும்படி வட்டத்தினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இதே மாதிரி கட்டுகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும். எடுக்கப் போகிறவர்களுக்கு இது பயன்படட்டும் என்பதுதான் நோக்கம். சம்பந்தப்பட்டவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. கட்டுகளில் அதிகமாக இருந்த தமிழக மாலைப் பத்திரிகையின் பெயரையும் குடும்பத்தின் விருப்பப்படி விட்டிருக்கிறேன்.

கடையில் காலைப் பத்திரிகைகளும் விற்றன. ஆனால் வீட்டில் சேர்ந்தவை பெரும்பாலும் மாலைப் பத்திரிகைகள். மகள் சொன்ன காரணம் எளிமையானது: "சாயங்காலம் கடை அடைக்கும்போது கையில மிச்சம் இருக்குறது மாலைப் பேப்பர்தான். பெரிய சேதி வந்த நாள்னா அப்பா ஒண்ணு வீட்டுக்குக் கொண்டாந்துடுவார்." ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் தமிழகப் பத்திரிகைகளையும் அவர் வாங்கி வைப்பார். அப்படிக் கொண்டுவருகிறவர்களுக்கு டீ இலவசம் என்று ஒரு வழக்கமே இருந்ததாம்.

மாலைப் பத்திரிகை என்னும் தொழில்

இந்த நிகழ்வு புரிய, மாலைப் பத்திரிகை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காலைப் பத்திரிகைக்கு ஓர் இரவு கையில் இருக்கிறது. நள்ளிரவில் அச்சடித்து, ரயிலிலோ வேனிலோ ஏற்றினால் விடியும்போது பல நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்விடும். மாலைப் பத்திரிகைக்கு அந்த இரவு கிடையாது. காலையில் நடந்ததை மதியம் அச்சேற்றி, மாலை டீக்கடைக் கூட்டம் கலைவதற்குள் விற்றாக வேண்டும். சென்னையில் மதியம் அச்சான பத்திரிகை அன்று மாலை திருநெல்வேலிக்குப் போய்ச் சேராது. ஆகவே ஒரு மாநிலம் முழுக்க மாலைப் பத்திரிகை விற்க வேண்டுமானால் ஊருக்கு ஊர் அச்சகம் வேண்டும். ஊருக்கு ஊர் ஒரு சிறிய ஆசிரியர் குழு வேண்டும். காலைப் பத்திரிகைக்கு வட்டாரப் பதிப்பு ஒரு வசதி. மாலைப் பத்திரிகைக்கோ அது இல்லாமல் பிழைப்பே இல்லை.

தமிழில் இந்தப் பாதையைப் போட்டவர் சி.பா.ஆதித்தனார். 1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கி, பிறகு பல ஊர்களில் அச்சடிக்க வைத்தார். 1959இல் மாலை முரசு வந்தது. 1977இல் மாலை மலர். சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி என்று இரண்டும் பல ஊர்களில் பதிப்பு கண்டவை. தலைப்புச் செய்தியைத் தொலைபேசியிலும் டெலிபிரிண்டரிலும் வாங்கி, அந்தந்த ஊரில் அச்சுக் கோத்து, உள்ளூர்ச் செய்தியையும் உள்ளூர் சினிமா விளம்பரத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். பெயர் ஒன்று, தேதி ஒன்று. உள்ளே இருப்பது வேறு.

சிங்கப்பூரின் கதை வேறு மாதிரி. கிழக்கிலிருந்து மேற்கு வரை சுமார் 50 கிலோமீட்டர் உள்ள தீவுக்கு ஓர் அச்சகம் போதும். இங்கே வட்டாரத்தால் பதிப்பு பிரிய இடமில்லை. மொழியால் பிரிந்தது. ஒரு காலத்தில் எல்லை தாண்டிய உறவும் இருந்தது: 1835இல் தொடங்கிய சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், 1962இல் கோலாலம்பூரின் மலாய் மெயிலுடன் இணைந்தது. மலாய் மெயில் 1896இல் தொடங்கிய பத்திரிகை. 1965இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. அதன் பிறகு பத்திரிகைகளும் பிரிந்தன. இந்த ஊர் நாளிதழ் அங்கேயும், அந்த ஊர் நாளிதழ் இங்கேயும் விற்கப்படுவதில்லை என்பது நெடுங்கால நடைமுறை.

ஆங்கிலத்தில் நியூ நேஷன் 1971 ஜனவரியில் பிற்பகல் நாளிதழாக வந்து 1982 வரை நடந்தது. அதன் இடத்தில் சிங்கப்பூர் மானிட்டர் வந்தது. அது 1985 ஜூலையில் நின்றது. பிறகு 1988 ஜூலை 26இல் தி நியூ பேப்பர் வந்தது. சிறிய அளவுப் பக்கம், பெரிய தலைப்பு, பெரிய படம், காற்பந்து, நீதிமன்றச் செய்தி. 1991இல் அது தொடங்கிய பெருநடை என்னும் பொது நடை நிகழ்ச்சிக்குப் போய் வந்த குடும்பங்கள் நம்மவர்களிலும் நிறைய. 2016 டிசம்பர் 1இல் மை பேப்பர் என்ற இன்னொரு நாளிதழுடன் இணைக்கப்பட்டு இலவசப் பத்திரிகையானது. 2021 டிசம்பர் 10இல் அச்சுப் பதிப்பு நின்றது. சீன மொழியில் ஷின் மின் 1967இலும் லியான்ஹ வான்பாவ் 1983இலும் தொடங்கின. வான்பாவ் 2021 டிசம்பரில் ஷின் மின்னுடன் இணைந்தது. ஆக, பெரியவர் கண்மூடிய சமயத்தில் அவர் விற்ற ஆங்கில மாலைப் பத்திரிகை காகிதத்தில் இல்லை.

முதலில் எடுத்த முடிவு

வட்டத்துக்கு ஒரு சமூக மன்றத்தில் சிறிய அறை தற்காலிகமாகக் கிடைத்தது. அலமாரி இரண்டு. அத்தனை கட்டும் அங்கே கொள்ளாது. வீட்டை ஒப்படைக்க வேண்டிய தேதி தள்ளிப்போகவும் வழியில்லை.

அதனால் ஒரு விதி வைத்தார்கள்: ஒரு பத்திரிகை, ஒரு தேதி, ஒரு பிரதி. ஒரே பெயரில் ஒரே தேதியில் இரண்டு மூன்று இருந்தால் நல்ல நிலையில் உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் காராங்குனிக்காரருக்குக் கொடுத்துவிடுவது. இந்த விதியில் தவறு இருப்பதாக அப்போது யாரும் நினைக்கவில்லை, நினைக்கக் காரணமும் இல்லை. நூலகங்களும் இரட்டைப் பிரதிகளைக் கழிக்கத்தான் செய்கின்றன. இடம் குறைவு, நேரம் குறைவு. பெயரும் தேதியும் முதல் பக்கத்திலேயே இருப்பதால் யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். பள்ளி விடுமுறையில் இருந்த இரண்டு மாணவர்கள் உதவிக்கு வந்திருந்தார்கள். கட்டுகளை அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்கத் தொடங்கினார்கள்.

வேலை வேகமாக நடந்தது. முதல் நாளிலேயே சில கட்டுகள் அவிழ்ந்து, தாள்கள் தேதி வரிசைக்கு வந்துவிட்டன. கழிக்க வேண்டியவை வாசலில் சேர்ந்தன.

என்ன கண்டார்கள்

மறுநாள் வந்த ஒரு பெரியவர்தான் நிறுத்தினார். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன்பு, இளவயதில், தமிழகத்தில் ஒரு மாலைப் பத்திரிகையின் அச்சகத்தில் வேலை பார்த்தவர். வாசலில் கிடந்த குவியலிலிருந்து ஒன்றை எடுத்தார், அலமாரியிலிருந்து அதே தேதிப் பிரதியை எடுத்தார். 1987 டிசம்பர் 24. எம்.ஜி.ஆர். மறைந்த நாள். அதிகாலை 3.30 மணியளவில் உயிர் பிரிந்தது. அந்தச் செய்தியை அன்றே அச்சில் விரிவாகக் கொடுக்கும் வேலை மாலைப் பத்திரிகைகளின் கையில்தான் விழுந்தது.

"தம்பி, இது ரெண்டும் ஒரே பேப்பர் இல்ல," என்றார் மாணவரிடம்.

"அங்கிள், பேர், தேதி, படம் எல்லாம் ஒண்ணுதானே?"

"கீழ பாருங்க. கடைசிப் பக்கம், அடி வரி."

இரண்டையும் தரையில் விரித்தார்கள். மேல்பாதி ஒன்றுதான்: அதே தலைப்பு, அதே படம். கீழ்ப்பாதி வேறு. ஒன்றில் திருநெல்வேலிப் பக்கத்துச் செய்தி: எந்தெந்த ஊரில் பேருந்து ஓடவில்லை, எங்கே கடை அடைத்தார்கள், எங்கே மௌன ஊர்வலம். இன்னொன்றில் அதே இடத்தில் கோவைப் பக்கத்து ஊர்கள், மில் ஷிப்ட் நிறுத்தம். உள்பக்கச் சினிமா விளம்பரங்கள் வெவ்வேறு தியேட்டர்கள். தலைப்புச் செய்தியிலேயே சில வரிகள் மாறியிருந்தன, ஏனென்றால் இரண்டு ஊரிலும் தனித்தனியாக அச்சுக் கோத்திருக்கிறார்கள்.

அடி வரி என்று அவர் சொன்னது, யார் அச்சிட்டு எங்கிருந்து வெளியிடுகிறார் என்ற அறிவிப்பு. இந்தியாவில் 2024 வரை நடப்பில் இருந்த 1867ஆம் ஆண்டுப் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டப்படி அது ஒவ்வொரு பிரதியிலும் இருந்தே ஆக வேண்டியிருந்தது. படிக்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு பிரதி எந்த ஊர்க்காரர் கையில் விற்றது என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி வேறில்லை. சிங்கப்பூரிலும் 1974ஆம் ஆண்டுச் செய்தித்தாள், அச்சகச் சட்டத்தின் கீழ் வெளிவரும் பத்திரிகைகளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் இருக்கும்.

வாசலில் இருந்த குவியலை எல்லாம் மறுபடி உள்ளே கொண்டுவந்து, அடி வரியை மட்டும் பார்த்தார்கள். 'இரட்டை' என்று ஒதுக்கிய தமிழகப் பிரதிகளில் பாதிக்கு மேல் வேறு ஊர்ப் பதிப்புகள். அதே ஊர், அதே தேதி என்று உண்மையாகவே இரட்டையாக இருந்தவை சொற்பம்.

இன்னும் இரண்டு விஷயங்கள் இந்தக் கட்டத்தில் தெரியவந்தன.

ஒரு பெட்டியின் மேல் கடைக்காரரின் மகன் கையெழுத்தில் 'நியூ பேப்பர் – ஹோட்டல் நியூ வேர்ல்ட்' என்று எழுதியிருந்தது. சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில் இருந்த அந்தக் கட்டடம் 1986 மார்ச் 15ஆம் தேதி காலை 11.25 மணியளவில் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள். 17 பேர் மீட்கப்பட்டார்கள். தேக்காவில் கடை வைத்திருந்த எவருக்கும் அது வீட்டு வாசலில் நடந்த துயரம். பகல் 11.25 என்பது மாலைப் பத்திரிகைக்கென்றே அமைந்த நேரம். ஆனால் நியூ பேப்பர் பிறக்க இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது. சிங்கப்பூர் மானிட்டரோ எட்டு மாதம் முன்பே நின்றுவிட்டது. அன்று மாலை இந்தத் தீவில் ஆங்கில மாலை நாளிதழ் ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தவை அந்த வாரத்துச் சீன மாலை நாளிதழ்கள்.

"அப்பாவுக்குச் சீனம் தெரியாது. பக்கத்துக் கடை அங்கிள் படிச்சு மலாய்ல சொல்வார், அப்பா வந்தவங்களுக்குத் தமிழ்ல சொல்வார்," என்றார் மகள். எனக்கு இந்த முழு வேலையிலும் மிகப் பெரிதாகப் பட்டது இதுதான். ஆங்கிலத்தில் மாலைப் பத்திரிகை இல்லாத அந்த மூன்று ஆண்டுகளில் நம் ஆட்களுக்கு அன்றைய செய்தி எப்படிப் போனது என்பதற்கு இந்தப் பெட்டி ஒரு தடயம். பெட்டியின் மேல் இருந்த எழுத்தை நம்பி, 'நியூ பேப்பர் தேசிய நூலகத்தில் இருக்கிறதே' என்று கழித்திருந்தால் அது போயிருக்கும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். பட்டியலில் 'தமிழ் முரசு' என்று ஒரே வரிசையில் எழுதியவற்றில் சில நம்முடையவை அல்ல. 1935இல் கோ.சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு சிங்கப்பூருடையது. அதே பெயரில் சென்னையிலும் ஒரு மாலைப் பத்திரிகை உண்டு. 2000க்குப் பிந்தைய கட்டுகளில் இரண்டும் கலந்திருந்தன. இதையும் அடி வரிதான் பிரித்துக் கொடுத்தது.

முடிவை மாற்றியதும் அதற்கான விவாதமும்

அன்று மாலையே வட்டத்தினர் உட்கார்ந்து பேசினார்கள். எல்லாருக்கும் ஒரே கருத்து இல்லை.

இளைஞர் ஒருவர், எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுத் தாள்களை விட்டுவிடலாம் என்றார். செய்தித்தாள் காகிதம் மரக்கூழில் செய்தது, அமிலம் உள்ளது, இந்தப் புழுக்கத்தில் எப்படியும் பொடியாகும் என்பது அவர் வாதம். அது உண்மையும்கூட. அச்சக அனுபவம் உள்ள பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. மடிப்பு, மைக் கறை, ஓரத்தில் கடைக்காரர் எழுதிய கணக்கு, கொண்டுவந்தவர் பெயர் எல்லாம் படத்தில் பாதிதான் வரும் என்றார். மகள் மூன்றாவதாக ஒன்று கேட்டார்: எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பிறகு யார் பார்த்துக்கொள்வது? அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. ஆனால் கேள்வி வந்தது நல்லது. அதுவரை எல்லாரும் எதை எடுப்பது என்று பேசினார்களே தவிர, எடுத்த பிறகு என்ன என்று பேசவில்லை.

கடைசியில் சிங்கப்பூர்ப் பத்திரிகைக்கு ஒரு விதி, தமிழகப் பத்திரிகைக்கு ஒரு விதி என்று பிரித்தார்கள்.

சிங்கப்பூர்ப் பத்திரிகைகளுக்குச் சட்டப்படி தேசிய நூலக வாரியத்துக்குப் பிரதி போகிறது. விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்தில் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் (பக்கங்களைச் சிறிதாக்கி எடுத்த படச் சுருள்) இருக்கிறது; பலவற்றை நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்திலும் தேடலாம். ஆகவே அங்கே இருப்பது உறுதியானால், இங்குள்ள பிரதியில் கையெழுத்தோ குறிப்போ இருந்தால் மட்டும் வைத்துக்கொள்வது. 1991 மார்ச் கடைசி வாரத்து நியூ பேப்பர் பிரதிகள் அப்படித் தங்கியவை. மார்ச் 26ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வந்த எஸ்கியூ117 விமானம் கடத்தப்பட்டது; மறுநாள் காலை 6.50 மணியளவில் அதிரடிப் படையினர் உள்ளே புகுந்து பயணிகளை மீட்டார்கள். காலைப் பத்திரிகை வழக்கமாக அச்சேறி முடிந்திருக்கும் நேரம் அது. அந்த வாரத்துப் பிரதிகளின் ஓரத்தில் கடைக்காரர் அன்றன்று எத்தனை விற்றது, எத்தனை கூடுதலாகக் கேட்டு வாங்கினார் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அந்தக் கணக்கு எந்த மைக்ரோஃபிலிமிலும் இருக்காது.

தமிழகப் பத்திரிகைகளுக்கு 'ஒரு பெயர், ஒரு தேதி' விதியை எடுத்துவிட்டு, 'ஒரு பெயர், ஒரு தேதி, ஓர் அச்சு ஊர்' என்று மாற்றினார்கள். ஊர் வேறானால் அது தனிப் பத்திரிகை, கட்டாயம் இருக்கும். அதே ஊரானால் ஒரு பிரதி போதும். சீன மாலை நாளிதழ்களைத் தொடாமல், பெட்டியோடு அப்படியே எடுப்பது என்றும் முடிவானது.

இளைஞரின் யோசனையையும் விடவில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் மூன்று படம் அங்கேயே எடுத்தார்கள்: முதல் பக்கம், உள்ளூர்ச் செய்திப் பக்கம், அடி வரி. கழிக்கும் பிரதிகளுக்கும் அடி வரியைப் படம் எடுத்த பிறகுதான் வாசலுக்கு.

தொடர்ந்து நடந்தவை

எல்லாம் காப்பாற்றப்படவில்லை. விதி மாறும் முன்பே ஒரு சின்னக் குவியல் காராங்குனி வண்டியில் போய்விட்டது. அதில் எந்தெந்த ஊர்ப் பதிப்புகள் இருந்தன என்று இனித் தெரியாது. ஜன்னல் பக்கம் மழைச் சாரல் பட்டுக் கல்லாக ஒட்டிக்கொண்டிருந்த சில கட்டுகளைப் பிரிக்கவே முடியவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு மெதுவாகத்தான் தெரிந்தது. பட்டியலில் அச்சு ஊர் என்ற பத்தியைச் சேர்த்ததும், அவிழ்க்காமல் இருந்த கட்டுகளில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. ஒரு கட்டு முழுக்கத் திருநெல்வேலிப் பதிப்பு. இன்னொன்று முழுக்கத் திருச்சிப் பதிப்பு. கடைக்காரர் கட்டுகளைத் தேதிப்படி கட்டவில்லை; கொண்டுவந்து கொடுத்தவர்படி கட்டியிருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் கொண்டுவந்தவை ஒரு கட்டு. சில கட்டுகளின் கயிற்றுக்குள் துண்டுச் சீட்டில் பெயர்கூட இருந்தது. முதல் நாள் அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்கியவற்றில் இந்த ஒழுங்கு கலைந்துவிட்டது. அச்சு ஊரை வைத்து ஓரளவு திரும்பச் சேர்க்க முடிந்தது. ஆனால் ஒரே ஊர்க்காரர் இருவர் கொண்டுவந்தவற்றை எப்படிப் பிரிப்பது?

கலையாமல் தப்பிய கட்டுகள் சொன்ன செய்தி எதிர்பாராதது. 1980களின் கட்டுகளில் திருநெல்வேலிப் பதிப்பு மிகுதி. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்கள் பல தலைமுறையாக உண்டு. அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் அவர்கள்தாம் என்று மகளும் சொன்னார். 1990களின் நடுவிலிருந்து திருச்சிப் பதிப்பு மேலோங்குகிறது. கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் கூடத் தொடங்கிய காலம் அது. ஒரு கடையின் வாடிக்கையாளர்கள் எந்த ஊர்க்காரர்கள், எப்போது மாறினார்கள் என்பதற்கு வேறு எந்தப் பதிவேடும் இல்லை. ஒரே கடையை வைத்துப் பெரிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் பத்திரிகையின் வட்டாரப் பதிப்பு கடல் தாண்டி வந்த பிறகும் தன் வட்டாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது இந்தப் பட்டியலில் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கிறது.

இடம் தேடும் வேலை சுலபமாக முடியவில்லை. வட்டத்தினர் அணுகிய ஒரு நூலகம், வெளிநாட்டு நாளிதழ்களைத் தாங்கள் சேர்ப்பதில்லை என்று மரியாதையாகவே சொன்னது. சென்னைக்கு அனுப்பிவிடலாம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் உண்டு என்ற யோசனையும் எழுந்தது. தமிழகப் பத்திரிகையின் பதிப்பு வரலாறு என்று பார்த்தால் அங்கே போவதே சரி. ஆனால் இந்தக் கட்டுகள் இப்படிச் சேர்ந்தது தேக்காவில். ஊர்வாரியாகப் பிரித்து அனுப்பிவிட்டால் அந்தப் பாதி போய்விடும். மகள் இதில் உறுதியாக இருந்தார்: "அப்பா கட்டுனது கட்டுனபடியே இருக்கணும்." கட்டுகளைப் பிரிக்காமல் இங்கேயே வைப்பது என்றும், கேட்கிற ஆய்வாளர்களுக்குப் படங்களைக் கொடுப்பது என்றும் முடிவானது. வட்ட உறுப்பினர் ஒருவர் குளிரூட்டிய அறை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்தார். அமிலமில்லாத அட்டைப் பெட்டிகளுக்கு வட்டத்தினரே பணம் போட்டார்கள்.

சமூக மன்றத்தில் ஒரு வார இறுதியில் சிறிய காட்சியும் நடந்தது. அதிகம் பேர் நின்று பார்த்தது, அந்த 1987 டிசம்பர் 24 பிரதிகள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்த மேசை. வந்தவர்களில் வயதானவர்கள் நேராகக் கீழ்ப்பாதிக்குத்தான் குனிந்தார்கள், தங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று தேட. காட்சிக்கு வந்த இருவர், துண்டுச் சீட்டில் இருந்த பெயர்களில் ஒன்று தங்கள் உறவினருடையது என்று அடையாளம் காட்டினார்கள்.

என்ன மாற்ற வேண்டும்

வட்டத்தினர் இப்போது வேறு ஒரு வீட்டிலிருந்து கட்டுகள் எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக எழுதி வைத்திருக்கும் நடைமுறையில் முதல் மாற்றம் கயிறு பற்றியது. எந்தக் கட்டையும் அந்த வீட்டில் அவிழ்ப்பதில்லை. இருந்த இடத்திலேயே படம் எடுத்து, கட்டுக்கு எண் ஒட்டி, முழுசாகத் தூக்கி வருவது. இடம் போதாவிட்டால் கட்டாகவே விடுவது, தாள் தாளாகப் பொறுக்குவதில்லை. இதில் எனக்கு முழுச் சம்மதம். ஒரு தாள் தனியாகச் சொல்வதைவிட அது எந்தக் கட்டில் எதற்கு அடுத்து இருந்தது என்பது அதிகம் சொல்கிறது என்பதை இங்கே பார்த்தாகிவிட்டது.

இரண்டாவது, அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரை முதல் நாளே கூட்டிப் போவது. இந்த முறை அவர் மறுநாள் வந்தது தற்செயல். சிங்கப்பூரில் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அச்சுக் கோத்தவர்கள், பிளேட் போட்டவர்கள், வண்டியில் கட்டு இறக்கியவர்கள். பத்திரிகையில் பெயர் வராதவர்கள் என்பதால் யாரும் அவர்களைக் கேட்பதில்லை. வட்டம் அவர்களில் சிலரைச் சந்தித்துப் பேச்சைப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பெரியவரிடமிருந்தே தொடங்கியிருக்கிறார்கள்.

பட்டியல் படிவமும் மாறியது. பெயர், தேதிக்குப் பிறகு அச்சு ஊர், கொண்டுவந்தவர், ஓரக் குறிப்பு, கட்டு எண் ஆகிய பத்திகள் வந்திருக்கின்றன. பெட்டியின் மேல் குடும்பத்தார் எழுதியதை அப்படியே பதிவுசெய்து, உள்ளே உண்மையில் என்ன இருந்தது என்பதற்குப் பக்கத்திலேயே தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் அழிப்பதில்லை. மகன் ஏன் 1986க்கு நியூ பேப்பர் என்று எழுதினார் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். மாலைப் பத்திரிகை என்றாலே அந்தப் பெயர்தான் அவர் தலைமுறைக்கு நினைவில் நின்றிருக்கிறது.

மகள் அன்று கேட்ட கேள்வி, பிறகு யார் பார்த்துக்கொள்வது என்பது, படிவத்தின் முதல் வரியாக வந்திருக்கிறது. பொறுப்பாளர் பெயரும், அவருக்குப் பிறகு யார் என்பதும் எழுதாமல் இனி எந்தக் கட்டையும் எடுப்பதில்லை. இந்தக் கட்டுகளுக்கு அந்த இரண்டாவது பெயர் மகளுடையது.

சீன மாலை நாளிதழ்ப் பெட்டி இன்னும் பட்டியலாகவில்லை. படித்துச் சொல்ல, பக்கத்துக் கடை அங்கிளின் பேரன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.